நீ எந்த பிரௌசரில் நுழைகிறாய்?

ஜனவரி 6

அன்புள்ள சின்னவளுக்கு,

அண்ணி எழுதுகிறேன். இங்கே நான், மகன், மருமகள் மூவரும் சௌக்கியம். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது, உன் வீட்டுக்காரரின் இருமல் நின்றதா என்று எழுது. என் காது அப்படியேதான் இருக்கிறது. அது இனிமேல் திருந்தும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

உன் தொழில் சம்பந்தமாக ஒரு காரியம் ஆக வேண்டும். அதனால் உரிமையோடு கேட்கிறேன். டிசம்பரோடு அச்சகத்தில் எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். இத்தனை வருடம் கம்ப்யூட்டரில் அடுத்தவர் எழுதியதை அடித்துக் கொடுத்தது போதும் என்று நானும் எழுந்து வந்துவிட்டேன். மகன் புது மடிக்கணினி வாங்கித் தந்தான். “எங்க தட்டினாலும் அம்மாவுக்குத் தமிழ்தான் வரணும்” என்று கடைக்காரரிடம் சொல்லி, பழகிய விசைகளே அமையும்படி செய்து கொண்டுவந்திருக்கிறான். பாசக்காரப் பிள்ளை.

முதல் வேலையாக வங்கிப் பக்கத்தைத் திறந்து, வாடிக்கையாளர் எண்ணைப் போட்டு, பாஸ்வேர்டைப் போட்டேன். ‘எண் அல்லது பாஸ்வேர்டு தவறு’ என்றது. திரும்ப அடித்தேன், திரும்பவும் தவறு. மூன்றாவது தடவைக்குக் கணக்கையே ஒரு நாள் பூட்டிவிட்டது. எனக்குத்தான் மறந்துவிட்டதோ என்று, பூட்டு விலகிய பிறகு அச்சகத்துக்குப் போய், என் பழைய மேஜையில் உட்கார்ந்து அடித்துப் பார்த்தேன். மறுபேச்சில்லாமல் திறந்துகொண்டது. வீட்டுக்கு வந்தால் தவறு. “பிரௌசர் ஒத்துப்போகலை போலிருக்கு அத்தை” என்று மருமகள் தாளில் எழுதிக் காட்டினாள்.

அவசரம் என்னவென்றால், எங்கள் தெருவில் இருக்கிற வங்கிக் கிளையை ஏப்ரல் கடைசியில் மூடப் போகிறார்கள். அதன் பிறகு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். போனில் கேட்டுச் செய்கிற வசதி எனக்கு எதற்கு ஆகும்? மகன் ஒரு படிவம் கொண்டுவந்து வைத்திருக்கிறான். “நீ ஒரு கையெழுத்து போடும்மா, போதும். கணக்கை நான் பாத்துக்கறேன்” என்கிறான். அவன் ஒரு பைசா தொட மாட்டான், அது எனக்குத் தெரியும். ஆனால் அதன் பிறகு ஒரு மூக்குக் கண்ணாடி வாங்குவதென்றாலும் அவனைக் கேட்க வேண்டும். “எதுக்கும்மா?” என்பான். ‘எதுக்கு’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. உன் அண்ணன் இருந்தவரை அவரே கேட்டதில்லை.

என்னுடையது பட்டன் போன், வீட்டு மின்னஞ்சலை எல்லாரும் திறப்பார்கள். அதனால் தபாலிலேயே பதில் போடு.

இப்படிக்கு,
உன் அண்ணி


ஜனவரி 18

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நாங்கள் நலம். இடுப்பு வலி நாற்காலியின் குற்றம், நாற்காலியை மாற்றியதும் போய்விட்டது. இவருடைய இருமலும் நின்றுவிட்டது. நீங்கள் ஓய்வு பெற்றதைப் படித்துவிட்டு, இனி உங்கள் வீட்டில் யாருக்கும் ஓய்வு கிடையாது என்று இவரிடம் சொன்னேன்.

உங்கள் பிரச்சினை எனக்குச் சுண்டைக்காய். பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்த வங்கியின் பக்கத்தைச் சோதித்துக் கொடுப்பதே எங்கள் அலுவலகம்தான். ‘டெஸ்ட் ஒன்று’ என்று ஒரு பொய்ப் பெயரில் கணக்கு வைத்திருக்கிறோம். அந்தப் பெயரில் எல்லா வகை பிரௌசரிலும் தினமும் நுழைந்து, எங்கே இடிக்கிறது என்று பார்த்து எழுதுவதுதான் என் வேலை. எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

பழைய பெட்டியில் திறக்கிறது, புதியதில் திறக்கவில்லை என்றால் அது பிரௌசர் தகராறுதான், சந்தேகமே இல்லை. முதலில் பிரௌசரின் மேல் மூலையில் இருக்கிற மூன்று புள்ளியைத் தட்டி, ‘உதவி’க்குள் போய்ப் புதுப்பித்துவிடுங்கள். கடையில் இருந்தபோது தூங்கிக்கொண்டிருந்த பிரௌசராக இருக்கும். அடுத்து, அமைப்புகளில் பழைய பக்கங்களின் நினைவை அழியுங்கள். சில சமயம் அது போன மாதத்துப் பக்கத்தையே எடுத்து நீட்டும், வங்கி அதை ஏற்காது. குக்கீ என்று ஒன்று இருக்கும், அதைத் தடுத்து வைத்திருந்தால் அனுமதியுங்கள். இவ்வளவும் முடித்து, கணினியை ஒரு தரம் அணைத்துப் போட்டால் கதவு திறக்கும்.

ஒரே ஒரு கட்டளை: பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதீர்கள். எனக்கும் எழுதாதீர்கள்.

மருமகளுக்கு என் அன்பு. படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டிய அவசியமே வராது.

உங்கள்
சின்னவள்


ஜனவரி 29

அன்புள்ள சின்னவளுக்கு,

நலம், நலமறிய ஆவல். இங்கே காலையில் பனி, மத்தியானம் வெயில். மருமகளுக்கு ஜலதோஷம் பிடித்து விட்டது.

நீ சொன்னதை எல்லாம் வரிவிடாமல் செய்தேன். புதுப்பித்தேன், அழித்தேன், அனுமதித்தேன், அணைத்துப் போட்டேன். ‘தவறு’ என்கிறது. சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது. நினைவை அழித்ததில் மருமகள் தன் இணையக் கடைக் கணக்குகள் எல்லாவற்றிலிருந்தும் வெளியே வந்துவிட்டாளாம். இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்குக் கேட்காது என்பதால் அதை நான் தாமதமாகத்தான் கண்டுபிடித்தேன்.

மகன் படிவத்தைச் சாப்பாட்டு மேஜையில், என் தட்டுக்குப் பக்கத்திலேயே வைக்கிறான். நான் அதை எடுத்து அலமாரியில் வைக்கிறேன். மறுவேளைக்குத் திரும்ப மேஜைக்கு வந்துவிடுகிறது.

ஒன்று தோன்றியது. நீயும் இதே வங்கிதானே. அலுவலகத்தை விடு, உன் வீட்டில், உன் சொந்தக் கணக்குக்கு நீ எந்த பிரௌசரில் நுழைகிறாய்? அதையே நானும் போட்டுக்கொள்கிறேன். தெரிந்த வழி இருக்கும்போது புது வழி எதற்கு?

உன் அண்ணி


பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லாரும் சுகம். மருமகளின் ஜலதோஷத்துக்கும் கோபத்துக்கும் சேர்த்து என் மன்னிப்பைச் சொல்லுங்கள்.

விடவில்லை நான். ‘தவறு’ என்று வருவதைக் கேட்டதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அலுவலகத்தில் உங்களுடையது மாதிரியே ஒரு மடிக்கணினி தேடிப் பிடித்து, அதில் டெஸ்ட் ஒன்றை வைத்து முயற்சி செய்தேன். முதல் தட்டிலேயே திறந்தது. ஆக, பக்கத்தில் குற்றமில்லை, உங்கள் கணினியில் ஏதோ ஒன்று குறுக்கே நிற்கிறது.

பிரௌசருக்குள் கடைக்காரர் துணைச் செயலிகள் ஏதாவது ஒட்டி அனுப்பியிருப்பார். விளம்பரம் தடுப்பது, தள்ளுபடி காட்டுவது என்று பலது உண்டு. தனிப்பட்ட சாளரம் என்று ஒன்று திறக்கலாம், அதில் இந்த ஒட்டுண்ணிகள் வேலை செய்யாது. படம் வரைந்து அம்புக்குறி போட்டு உள்ளே வைத்திருக்கிறேன். அதிலும் நடக்காவிட்டால் வேறொரு பிரௌசரை இறக்கிப் பாருங்கள். கணினியின் தேதி சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். தேதி தப்பாக இருந்தால் வங்கி கதவைச் சாத்திவிடும்.

இங்கே எங்கள் மேலாளர் புதிதாக மூச்சுப் பயிற்சி ஆரம்பித்திருக்கிறார். அவர் மூச்சு விடுகிறார், எங்களுக்கு மூச்சு முட்டுகிறது. மற்றபடி விசேஷமில்லை.

உங்கள்
சின்னவள்


பிப்ரவரி 21

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் அண்ணியின் ஆசிகள். உடம்பு நன்றாக இருக்கிறது. கண்ணுக்கு மட்டும் ஒரு சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள்.

உன் தனிப்பட்ட சாளரத்தால் இங்கே ஒரு கூத்து நடந்தது. திரை முழுக்கக் கறுப்பாக வந்ததா, மருமகள் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. போய் மகனிடம், “அத்தை ரகசியமா ஏதோ பாக்கறாங்க” என்று சொல்லியிருக்கிறாள். அவன் வந்து மெதுவாக என் தோளைத் தொட்டு, ஒரு தாளில், “அம்மா, யாராவது மெசேஜ் பண்ணி பணம் கேக்கறாங்களா?” என்று எழுதினான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பிறகு சிரிப்பு நின்றதும் கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மட்டும் யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லை.

தேதி சரியாகத்தான் இருக்கிறது. புது பிரௌசரும் இறக்கினேன். அது இன்னும் மரியாதை. ‘இந்த பிரௌசரில் சில வசதிகள் இயங்காமல் போகலாம்’ என்று முன்னாலேயே சொல்லிவிட்டு, அதன் பிறகு ‘தவறு’ என்றது.

எனக்கு இந்தக் கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று நீ கேட்கவில்லை. கேட்காமலே சொல்கிறேன். வங்கிக்குப் போனால் கவுன்டரில் இருக்கிறவர் கத்துவார், வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். பாவம், அவர் நல்லதற்குத்தான் கத்துகிறார். அந்தப் பக்கத்தில் மட்டும் யாரும் என்னிடம் சத்தமாகப் பேச வேண்டியதில்லை. அங்கே நான் செவிடு இல்லை.

போன கடிதத்தில் நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. வீட்டில் நீ எந்த பிரௌசரில் நுழைகிறாய்?

உன் அண்ணி


மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். சொட்டு மருந்தை மறக்காமல் விட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் நலம்.

‘அங்கே நான் செவிடு இல்லை’ என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த பிறகு எனக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை. இதை முடித்துக் கொடுக்காமல் விடுவதில்லை.

ஒரு வேளை பாஸ்வேர்டே பழசாகி, ஒரு பக்கம் ஏற்றும் ஒரு பக்கம் மறுத்தும் இருக்கிறதோ என்று ஒரு சின்னச் சந்தேகம். கிளை மூடுவதற்கு முன்பே நேரில் போய், அங்கே வாடிக்கையாளருக்கென்று வைத்திருக்கிற கணினியில் புதுப் பாஸ்வேர்டு போட்டுக்கொள்ளுங்கள். அங்கேயே ஒரு தரம் நுழைந்து பார்த்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள். வீட்டில் முதலில் பழைய பிரௌசரில், அடுத்து புதியதில் பாருங்கள். மூன்றாவது தடவை வேண்டாம், பூட்டிக்கொள்ளும். நடந்தது நடந்தபடி, ஒன்றும் விடாமல் எழுதுங்கள். எங்கள் தொழிலில், ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதினால் திட்டுவார்கள். என்ன தொட்டோம், என்ன அடித்தோம், என்ன வந்தது என்று எழுத வேண்டும்.

இவர் உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

உங்கள்
சின்னவள்


மார்ச் 19

அன்புள்ள சின்னவளுக்கு,

அனைவரும் சௌக்கியம். கண் தெளிந்துவிட்டது.

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன். வங்கிக்குப் போனேன். ஜன்னலோரம் இருக்கிற கணினியில் புதுப் பாஸ்வேர்டு போட்டேன். ஒரே தடவையில் ஏற்றுக்கொண்டது. வெளியே வந்து திரும்ப நுழைந்தேன், நுழைந்தது. இன்னொரு தரமும் நுழைந்தேன், ஆசைக்கு. வீட்டுக்கு வந்து கைகூடக் கழுவாமல் அதே எண், அதே பாஸ்வேர்டு அடித்தேன். தவறு. புது பிரௌசரிலும் தவறு. நிறுத்திக்கொண்டேன்.

மகன் பார்த்துக்கொண்டே இருந்தான். “அம்மா, பிரௌசர்ல ஒண்ணும் இல்லம்மா. நீதான் ஏதோ தப்பா அடிக்கறே. வயசாச்சுன்னா விரல் தடுமாறும், அதுல என்ன இருக்கு” என்றான். என் காதுக்கருகில் குனிந்து, மெதுவாக, அன்பாகத்தான் சொன்னான். ஆடத் தெரியாதவள் தெருக் கோணல் என்ற கதையாகிவிட்டது என் கதை. ஆயுசு முழுக்க இந்த விரலால் சோறு தின்றவள் நான். அந்த ஒரு வார்த்தைதான் பொறுக்க முடியவில்லை. அன்றைக்குப் படிவத்தை நானே மேஜையிலிருந்து எடுத்து அவன் பைக்குள் வைத்தேன். கையெழுத்து இல்லாமல்.

என்ன அடித்தேன் என்று கேட்டிருக்கிறாய். எந்தெந்த எழுத்து என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். நான் அடிப்பது ஒரு தமிழ்ச் சொல், கடைசியில் சில எண்கள். அச்சகத்தில் தமிழ் அடிக்கிற மாதிரியே கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். வங்கி கேட்கிற பெரிய எழுத்து, சின்ன எழுத்து, குறி எல்லாம் அதற்குள்ளேயே வந்துவிடும்போல, ஒருநாளும் குறை சொன்னதில்லை. என்ன சொல் என்று உனக்கும் சொல்ல மாட்டேன், உன் கட்டளை.

மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன். வீட்டில் நீ எந்த பிரௌசரில் நுழைகிறாய்? மறந்துவிடுகிறாயா?

உன் அண்ணி


மார்ச் 25

அன்புள்ள அண்ணிக்கு,

சௌக்கியம் விசாரிக்க நேரமில்லை, மன்னியுங்கள். கூரியரில் அனுப்புகிறேன்.

கண்டுபிடித்துவிட்டேன். பிரௌசர் இல்லை. விரலும் இல்லை, அதை முதலில் மகனிடம் சொல்லுங்கள்.

அச்சகத்துப் பழைய பெட்டியில் நீங்கள் அடித்த தமிழ் ஒரு வேஷம், அண்ணி. உள்ளே போனது ஆங்கில எழுத்து, அந்தப் பழைய எழுத்துரு அதற்குத் தமிழ்ச் சட்டை மாட்டித் திரையில் காட்டியது. பாஸ்வேர்டு பெட்டியில் சட்டை மாட்ட முடியாது, புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். அதனால் வங்கிக்குப் போய்ச் சேர்ந்தது ஆங்கிலக் கிறுக்கல். அதுதான் உங்கள் பாஸ்வேர்டு. கிளையில் இருக்கிற கணினியும் ஆங்கிலம்தான், அதனால் அங்கேயும் திறந்தது. வீட்டுக் கணினியில் மகன், எங்கே தட்டினாலும் தமிழ் வரட்டும் என்று போட்டு வைத்தானே, அது அசல் தமிழ். உள்ளும் புறமும் தமிழ். அதே விரல், அதே விசை, ஆனால் வங்கிக்குப் போவது நிஜத் தமிழ் எழுத்து. வங்கிக்கு அது புரியாது. ‘தவறு’ என்று கையை விரிக்கிறது. எண்ணுக்கு இரண்டிலும் ஒரே எழுத்து என்பதால் வாடிக்கையாளர் எண்ணில் மட்டும் வித்தியாசமே தெரியவில்லை. பாசத்தில் செய்தது, யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

திரையின் கீழே, கடிகாரத்துக்குப் பக்கத்தில் ‘தமி’ என்று இருக்கும். அதைத் தட்டினால் ஆங்கிலம் என்று வரும், அதைத் தேர்ந்தெடுங்கள். அதன் பிறகு வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு அடியுங்கள். சந்தேகமிருந்தால் ஒரு வெற்றுப் பக்கத்தில் அந்தச் சொல்லை அடித்துப் பாருங்கள். கன்னாபின்னாவென்று வந்தால் அதுதான் சரி. யார் கண்ணிலும் படுவதற்குள் அழித்துவிடுங்கள்.

டெஸ்ட் ஒன்று ஒருநாளும் தமிழில் நினைத்து அடித்ததில்லை. அதனால் இது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

அவசரத்தில்,
சின்னவள்


ஏப்ரல் 8

அன்புள்ள சின்னவளுக்கு,

நீ நூறு வருஷம் இருக்க வேண்டும்.

உன் கடிதம் ஒரு மத்தியானம் வந்தது. மகன் வீட்டில் இருந்தான். அவனை வேண்டுமென்றே பக்கத்தில் உட்காரவைத்தேன். ‘தமி’யைத் தட்டினேன், ஆங்கிலம் வந்தது, அடித்தேன். திறந்தது. என் பெயர், என் கணக்கு, எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. உன் விளக்கத்தை அவனிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தான். “அப்ப நான் வெச்ச தமிழ்தான் இத்தனை நாளா உன்னை உள்ளே விடலையா?” என்றான். முகம் சுண்டிவிட்டது. எனக்குப் பாவமாக இருந்தது. தமிழ் மற்ற எல்லாவற்றுக்கும் வேண்டும், எடுத்துவிடாதே என்றேன். கொஞ்ச நேரம் கழித்துப் படிவத்தைக் கொண்டுவந்து என் எதிரிலேயே கிழித்தான். “விரல் தடுமாறுதுன்னு சொன்னேன்ல, அதை வாபஸ் வாங்கிக்கறேன்” என்று தாளில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டான். அவன் கையெழுத்து.

பாஸ்வேர்டு என்னவென்று கேட்டான். உன் அத்தைக்கே சொல்லவில்லை, உனக்கா என்றேன்.

இனி உன் சங்கதி. உன்னை மூன்று கடிதத்தில் ஒரே கேள்வி கேட்டேன். மூன்றுக்கும் பதில் வந்தது, அந்த ஒரு வரி மட்டும் வரவில்லை. எனக்குக் காதுதான் மந்தம். பதில் வராதது நன்றாகவே கேட்கும். நீ நுழைவதே இல்லை, அப்படித்தானே? உன் சம்பளம் வருகிற கணக்கை உன் வீட்டுக்காரர் பார்க்கிறார். ஊருக்குத்தான் உபதேசம்.

உன் வீட்டுக்காரரைக் குறை சொல்லவில்லை. என் மகனையும் நான் குறை சொல்லவில்லையே. நீ எனக்கு எழுதின மாதிரியே நானும் உனக்கு எழுதுகிறேன், வரிவிடாமல் செய். உன் வாடிக்கையாளர் எண் எந்தத் தாளில் இருக்கிறது என்று தேடு. இருக்கிற பாஸ்வேர்டைக் கேட்டு வாங்காதே, புதிதாக நீயே போடு. எங்கே இடிக்கிறது என்று பார். நடந்தது நடந்தபடி எழுது. பாஸ்வேர்டை எனக்கு எழுதாதே.

உன் அண்ணி


மே 12

அன்புள்ள சின்னவளுக்கு,

நலமா? நாங்கள் நலம். ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை.

கிளையை மூடிவிட்டார்கள். பலகையைக் கழற்றிய இடத்தில் சுவர் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. எனக்கு ஒரு குறையும் இல்லை. காலையில் செய்தி படிக்கிற மாதிரி ஒரு தடவை உள்ளே போய்விட்டு வருகிறேன். புதுக் கண்ணாடி வாங்கினேன். “எதுக்கு?” என்று யாரும் கேட்கவில்லை. நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள்.

கோபமென்றால் கோபமென்று எழுது, அதுவும் கடிதம்தான். எழுதினதை நான் திரும்ப வாங்கிக்கொள்ளப் போவதில்லை. ஆனால் நீ வருத்தப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

உன் அண்ணி


ஜூன் 3

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். உடம்பு நலம், மனசும் இப்போது நலம். கோபம்தான். உங்கள் கடிதத்தை மடித்து அலுவலக இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினேன். அண்ணிக்கு உதவி செய்யப் போனால் அண்ணி என் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறாளே என்று இருந்தது. கோபம் வந்ததே அது உண்மை என்பதால்தான், அதை ஒத்துக்கொள்ளத்தான் இத்தனை நாள் ஆயிற்று.

உங்கள் கேள்விக்குப் பதில்: எந்த பிரௌசரிலும் இல்லை. கல்யாணமான புதிதில் கணக்குத் திறக்கும்போது இவர்தான் எல்லாம் எழுதிக் கொடுத்தார், போன் எண்ணும் இவருடையது. “ஆபீஸ்லயும் இதே பக்கம், வீட்லயும் இதே பக்கமா? உனக்கு எதுக்கு இந்தத் தலைவலி” என்பார். அன்பாகத்தான் சொல்வார். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. வசதி என்று இத்தனை வருடம் அதற்குப் பெயர் வைத்திருந்தேன்.

போன மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இவர் கூடத்தில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். நான் உள்ளறையில் பக்கத்தைத் திறந்தேன். நீங்கள் சொன்னபடி எண்ணைத் தேடி எடுத்து வைத்திருந்தேன். புதுப் பாஸ்வேர்டுக்கான பொத்தானை அழுத்தினேன். ஒருமுறைக் குறியீடு அனுப்பியிருக்கிறோம் என்றது. அது போய்ச் சேர்ந்தது இவருடைய போனுக்கு. பதறிப்போய் உள்ளே ஓடிவந்தார். “ஏய், யாரோ உன் கணக்குல நுழையப் பாக்கறாங்க. பேங்குக்கு போன் பண்ணிப் பூட்டச் சொல்லிடறேன், நீ எதையும் தொடாதே” என்றார்.

“யாரோ இல்லை, நான்தான்” என்றேன்.

“நீயா? எதுக்கு?” என்றார்.

அண்ணி, உங்களை நினைத்துக்கொண்டேன். ‘எதுக்கு’க்குப் பதில் சொல்லவில்லை. கணக்கில் உங்கள் எண்ணை எடுத்துவிட்டு என் போன் எண்ணைப் போடப் போகிறேன், வங்கிக்கு வருகிறீர்களா என்று மட்டும் கேட்டேன். “நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேன்னு நெனக்கறியா?” என்று அன்றைக்குச் சாப்பிடும்போது கேட்டார். இல்லை என்றேன். அது பொய்யில்லை. மறுநாள் அவரே சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். வங்கியில் எண்ணை மாற்றும்போது அங்கிருந்த பெண் இவரைப் பார்த்துத்தான் விவரம் கேட்டாள். இவர் என் பக்கம் கையைக் காட்டினார்.

நேற்று என் போனுக்குக் குறியீடு வந்தது. பாஸ்வேர்டு போட உட்கார்ந்தேன். இவர் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார், பழக்க தோஷம். திரும்பிப் பார்த்தேன். “சரி, சரி” என்று சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் நிற்க வைத்த மாதிரி நின்றார்.

அந்தப் பெட்டியில் எத்தனையோ ஆயிரம் தடவை அடித்திருக்கிறேன், அண்ணி. எல்லாம் டெஸ்ட் ஒன்றின் பெயரில். நேற்று ஒவ்வொரு விசையாகப் பார்த்துப் பார்த்து அடித்தேன், திறந்தது. ‘வணக்கம்’ என்று போட்டு, பக்கத்தில் என் பெயர், முழுப் பெயர், எழுத்துப் பிழையில்லாமல்.

“திரும்பலாமா?” என்று இவர் சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

கொஞ்சம் இருங்க என்றேன்.

உங்கள்
சின்னவள்